வந்த ஊரும் வாடகை வீடும்

பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பு நாடிப் புறப்படும் மனிதன் இரண்டு வினாக்களைச் சுமந்துகொண்டே வண்டி ஏறுகிறான். எந்த ஊருக்குச் செல்வது என்பது ஒன்று. சென்ற ஊரில் எந்தக் கூரையின்கீழ்த் தங்குவது என்பது மற்றொன்று. முதல் வினாவுக்கு அவனுடைய அறிவே விடை கூறிவிடும். வேலை எங்குண்டோ, ஊதியம் எங்கு மிகுதியோ, அவ்வூரைத் தேர்ந்துகொள்வான். இரண்டாம் வினாவுக்கு விடை கூற வேண்டியவர் பிறர். முன்பின் அறியாத ஒருவனை நம்பித் திறவுகோலைக் கையில் கொடுக்கும் நெஞ்சம் ஒன்று அவ்வூரில் இருத்தல் வேண்டும்.

நம் சிலப்பதிகாரத்திலேயே இக்காட்சி வருகின்றது. பொருளிழந்த கோவலன் புகாரை விட்டுப் புறப்பட்டபோது மதுரையைத் தேர்ந்தான். சிலம்பை விற்று வணிகம் தொடங்கத் தலைநகரின் கடைத்தெருவே தக்கது என்று அவன் எண்ணினான். ஊரைத் தேர்ந்தானேயன்றி, அவ்வூரில் அவனுக்கு வீடு இல்லை. கவுந்தியடிகளின் சொல்லை நம்பி, மாதரி என்னும் ஆயர் மூதாட்டி கண்ணகியை அடைக்கலமாக ஏற்று அழைத்துச் சென்றாள். தன் மனையை அடுத்த காவலுடைய சிற்றில் ஒன்றில் அவர்களை இருத்தினாள். கோவலனின் நோன்புக்கு ஏற்ற உணவுப் பொருள்களைத் தந்து, சமைத்துக்கொள்ளக் கலங்களும் தந்து, துணைக்குத் தன் மகள் ஐயையையும் அனுப்பினாள். குடிவந்தவர் உண்ணும் முறை தன் முறையினின்று வேறுபட்டது என்பதை அவள் அறிவாள். அதனால் அவள் கதவை மூடவில்லை. அவர்கள் முறைக்கு வேண்டியதைத் தேடிக் கொடுத்தாள்.

ஐதராபாத், செகந்தராபாத் என்னும் இரட்டை நகரங்களில் தமிழர் குடியேறிய வரலாறு இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது. அதனைப் படையின் வரலாறாகவோ, இரயிலின் வரலாறாகவோ, அலுவலகங்களின் வரலாறாகவோ எழுதலாம். இக்கட்டுரை அதனை வாடகை வீட்டின் வாயிற்படியில் நின்று காண முயல்கிறது. அங்கு நின்று நோக்கும்போது, நாம் பெற்ற கடன் எவ்வளவு என்பதும், அதில் நாம் திருப்பித் தந்தது எவ்வளவு என்பதும் தெளிவாகத் தெரிகின்றன.

பாளையத்தில் பிறந்த ஊர்

1798ஆம் ஆண்டில் நிஜாம் அலிகான் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியோடு துணைப்படை உடன்படிக்கை செய்துகொண்டார். அதன்படி நிஜாமின் நாட்டில் கம்பெனியின் படை நிலையாகத் தங்கியது. உசேன் சாகர் ஏரிக்கு வடக்கே, வெறும் வெளியாகக் கிடந்த நிலத்தில் கூடாரங்கள் எழுந்தன. அப்பாளையத்துக்கு 1806ஆம் ஆண்டில் மூன்றாம் நிஜாமாகிய சிக்கந்தர் ஜாவின் பெயர் சூட்டப்பட்டது. அதுவே செகந்தராபாத். இன்றும் முதியோர் சிலர் அவ்வூரை ‘இலஷ்கர்’ என்றே வழங்குவர். அச்சொல்லுக்குப் படை என்பதே பொருள்.

அப்படை சென்னைப் படை. அதில் தமிழரும் தெலுங்கரும் முஸ்லிம்களும் கலந்திருந்தனர். படை ஓரிடத்தில் தங்கினால் படைவீரர் மட்டும் தங்குவதில்லை. அரிசி தருவோர், துணி தைப்போர், சமைப்போர், கணக்கெழுதுவோர், கட்டடம் கட்டுவோர், மாட்டு வண்டி ஓட்டுவோர் என்று பெருங்கூட்டம் பின்தொடரும். சென்னை மாகாணத்திலிருந்து அவ்வாறு வந்த தமிழ்க் குடும்பங்கள் கடைவீதிகளின் ஓரங்களிலும் படைத்தெருக்களிலும் தங்கின. ரெஜிமெண்டல் பஜார், ஜெனரல் பஜார் என்னும் பெயர்கள் அக்காலத்தை இன்றும் நினைவூட்டுகின்றன.

இத்தமிழர் ஊரைத் தேர்ந்தவர் அல்லர். படை சென்ற இடம் அவர்கள் ஊராயிற்று. வீட்டையும் அவர்கள் தேடவில்லை. தம்மினத்தார் இருந்த தெருவே வீடாயிற்று. ஆயினும் ஓரிரு தலைமுறைக்குள் அவர்களிடையே பொருள்வளம் பெற்றோர் தோன்றினர். முதலியார் குடும்பங்கள் சில ஒப்பந்தத் தொழிலாலும் வணிகத்தாலும் உயர்ந்தன. சோமசுந்தர முதலியார் 1862ஆம் ஆண்டில் செகந்தராபாத்தில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். அதுவே பின்னர் மகபூப் கல்லூரி என்று பெயர் பெற்றது. இன்று பத்மாராவ் நகர் என வழங்கும் பகுதி, திவான் பகதூர் பத்மாராவ் முதலியாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. கூடாரத்தின் நிழலில் ஒதுங்கிய கூட்டம், பள்ளியும் குடியிருப்பும் பிறருக்குத் தரும் நிலையை அடைந்தது. இஃது எண்ணிப் பார்க்கத்தக்க மாற்றமன்றோ!

அந்த மகபூப் கல்லூரியில்தான் 1893ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள் விவேகானந்தர் தம் மேலைநாட்டுப் பயணத்தின் நோக்கம் குறித்துப் பேசினார். சிகாகோவுக்குக் கப்பலேறுவதற்குச் சில திங்கள் முன்பு நிகழ்ந்தது அது. அப்பெருமகனாருக்கும் ஐதராபாத்தில் தங்குமிடம் தானாகக் கிடைத்துவிடவில்லை. சென்னையில் கணக்குத்துறையில் உயர் பதவி வகித்த மன்மதநாத பட்டாச்சாரியர், ஐதராபாத்தில் நிஜாம் அரசின் பொறியியலாளராக இருந்த தம் நண்பர் மதுசூதன சட்டர்ஜிக்கு முன்னரே செய்தி அனுப்பினார்; சட்டர்ஜியின் இல்லத்தில் அவர் தங்கினார். உலகறியப் போகும் துறவிக்கும் ஓர் அறிமுகச் செய்தி வேண்டியிருந்தது என்றால், திருச்சியிலிருந்தும் வேலூரிலிருந்தும் தகரப் பெட்டியோடு வந்திறங்கிய எளிய எழுத்தனுக்கு அது எத்துணை இன்றியமையாததாக இருந்திருக்கும்!

இரண்டு ஊர்கள், இரண்டு நாணயங்கள்

1874ஆம் ஆண்டில் வாடியிலிருந்து செகந்தராபாத்துக்கு இரயில்பாதை திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து இராய்ச்சூர், வாடி வழியாகச் சுற்றி வரலாயிற்று. 1889இல் பெஜவாடா வரையில் பாதை நீண்டது; 1899இல் பெஜவாடாவும் சென்னையும் இணைந்தன. இலாலகுடாவில் 1893ஆம் ஆண்டில் இரயில்வேப் பட்டறை எழுந்தது. இப்போது வந்தவர் படையின் பின்னே வந்தவர் அல்லர். ஆங்கிலம் கற்ற எழுத்தர், பட்டறைக் கைவினைஞர், ஆசிரியர், வழக்கறிஞர் என்று தாமே எண்ணிப் பார்த்துப் பயணச் சீட்டு வாங்கியவர்கள். ஊரைத் தேர்தல் என்னும் செயல் இவர்களிடமிருந்தே உண்மையில் தொடங்குகிறது.

அத்தேர்வு எளிதானதன்று. இக்காலத்தவருக்கு ஐதராபாத்தும் செகந்தராபாத்தும் ஒரே நகரத்தின் இரு பகுதிகள். அக்காலத்தவருக்கோ அவை இரு வேறு ஆட்சிகள். ஏரிக்கு வடக்கே செகந்தராபாத்தில் ஆங்கிலேயரின் நிர்வாகம். தெற்கே ஐதராபாத்தில் நிஜாமின் ஆட்சி. நிஜாமின் நாட்டுக்குத் தனி நாணயம், தனி அஞ்சல் தலை, தனிச் சுங்கம் யாவும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே பாரசீகத்தின் இடத்தில் உருது ஆட்சிமொழியாயிற்று. அரசு அலுவல்களுக்குப் பஸ்லி ஆண்டுக் கணக்கு வழங்கியது. சென்னை மாகாணத்திலிருந்து ஐதராபாத் செல்வது, கடல் கடவாமலே அயல்நாடு செல்வதாக இருந்தது.

நாணயத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். நிஜாமின் ரூபாய் ‘ஹாலி சிக்கா’ எனப்பட்டது. ஆங்கில இந்திய ரூபாயை மக்கள் ‘கல்தார்’ என்றனர். ஆறு கல்தார் ரூபாய்க்கு ஏறத்தாழ ஏழு ஹாலி ரூபாய் ஈடு. 14 ஹாலி ரூபாய் வாடகை பேசினால் அது 12 கல்தார் ரூபாய்க்குச் சமம். ஐதராபாத்தில் ஹாலி ரூபாயில் ஊதியம் பெறுபவன், கும்பகோணத்திலுள்ள தாய்க்கு 30 ரூபாய் அனுப்ப வேண்டுமாயின் 35 ஹாலி ரூபாயை எண்ணி வைக்க வேண்டும். ஆகவே வேலை ஏற்குமுன், ஊதியம் எந்த ரூபாயில், வாடகை எந்த ரூபாயில் என்று கேட்டறிவது அறிவுடைமையாயிற்று. வெளிநாடு செல்லும் நம் பிள்ளைகள் இன்று டாலரையும் திர்ஹத்தையும் ரூபாயாக்கிப் பார்க்கும் கணக்கு, நம் முன்னோர் ஓர் ஏரியின் இரு கரைகளுக்கிடையே போட்ட கணக்கே என்க.

இவ்விரு ஊர்களுக்கு இடையிலும் ஒரு மூன்றாம் நிலம் இருந்தது. ஐதராபாத் நகருக்குள்ளேயே ஆங்கில அரசப் பிரதிநிதியின் மாளிகையைச் சூழ்ந்திருந்த கடைத்தெருக்கள் 1933ஆம் ஆண்டு வரையில் ஆங்கிலேயர் நிர்வாகத்திலேயே இருந்தன. உருது அறியாதவனும், நிஜாம் அரசின் அலுவலை நாடாதவனும் செகந்தராபாத்தைத் தேர்ந்தான். அங்கே ஆங்கிலம் கொண்டு காலம் தள்ளலாம். உருது கற்க முனைந்தவனுக்கோ ஐதராபாத்தின் நீதிமன்றங்களும் அலுவலகங்களும் வாயில் திறந்தன. ஒரே குடும்பத்து உடன்பிறந்தார் இருவர் ஏரியின் இரு கரைகளில் இருந்து, இரு நாணயங்களில் வாடகை கொடுத்து வாழக்கூடிய காலம் அது.

வீட்டின் நிலையும் ஊருக்கு ஊர் வேறுபட்டது. 1908ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள் மூசி ஆறு கரைபுரண்டு ஐதராபாத்தின் தாழ்ந்த பகுதிகளை அழித்தது. பல்லாயிரவர் உயிரிழந்தனர். அதன்பின் விசுவேசுவரய்யாவின் அறிவுரையைப் பெற்று உஸ்மான் சாகர், இமாயத் சாகர் என்னும் நீர்த்தேக்கங்கள் 1920களில் எழுந்தன. 1912ஆம் ஆண்டில் அமைந்த நகர மேம்பாட்டுக் குழு நெருக்கடியான குடியிருப்புக்களை அகற்றிப் புது வீடுகளைக் கட்ட முற்பட்டது. ஆற்றங்கரையில் வாடகை மலிவு என்று குடிபுகுந்தவன் எதனைப் பணயம் வைத்தான் என்பதை அந்த ஒரு நாள் காட்டிவிட்டது. மலிவான வாடகைக்குப் பின்னால் மறைந்து நிற்கும் காரணத்தைக் கேட்டறிய வேண்டும் என்னும் பாடம் இன்றும் பழுதுபடவில்லை.

ஊர் திரும்பும் எண்ணம்

இனி இவ்வரலாற்றின் உள்ளத்தைத் தொடும் பகுதிக்கு வருவோம். வெளியிலிருந்து வந்தவர்கள் நிஜாம் அரசின் அலுவல்களில் நிறைந்தமையால், மண்ணின் மக்களுக்கு மனக்குறை தோன்றியது. முல்கி, முல்கியல்லாதார் என்ற பிரிவு எழுந்தது. முல்கி என்றால் நாட்டவர். 1919ஆம் ஆண்டில் நிஜாம் வெளியிட்ட ஆணை, யார் முல்கி என்பதை வரையறுத்தது. பிறப்பால் ஐதராபாத் நாட்டவராகாத ஒருவர், அங்கே பதினைந்து ஆண்டுகள் நிலையாக வாழ்ந்திருத்தல் வேண்டும். அது மட்டும் போதாது. முன்பிருந்த ஊருக்குத் திரும்பும் எண்ணத்தைக் கைவிட்டதாக உறுதிமொழிப் பத்திரம் எழுதி, நீதிபதியின் சான்றும் பெறுதல் வேண்டும்.

அன்பர்காள், அந்த விதியைச் சற்று நின்று நோக்குங்கள். பதினைந்து ஆண்டு வாழ்ந்தமையைக் கணக்கிட்டுக் காட்டலாம். ஊர் திரும்பும் எண்ணத்தைக் கைவிட்டமையை எவ்வாறு காட்டுவது? தஞ்சையில் பாகம் பிரியாத நிலம் ஒன்றிருக்கும். குலதெய்வத்தின் கோயில் இருக்கும். வயது முதிர்ந்த அன்னை இருப்பாள். ஆண்டுதோறும் பங்குனியில் ஊருக்கு வருவதாகச் சொல்லிப் புறப்பட்டவன் அவன். வாடகை வீட்டில் குடியிருப்பவன் நெஞ்சத்தில் எப்போதும் ஒரு பெட்டி கட்டிய நிலையிலேயே இருக்கும் என்பது நாம் யாவரும் அறிந்தது. அந்தப் பெட்டியை அவிழ்த்துவிட்டேன் என்று எழுதித் தரும்படி சட்டம் கேட்டது.

சிலர் மெய்யாகவே எழுதித் தந்தனர். அவர்தம் மக்கள் இம்மண்ணின் மக்களாயினர். சிலர் எழுத மனமின்றித் தனியார் தொழிலிலும் செகந்தராபாத்திலும் ஒதுங்கினர். வேறு சிலர் பொய்ச்சான்று பெற்றனர். பொய்ச்சான்று பெற்றவரால் உரிய வேலையை இழந்தவன் மண்ணின் மகன். அவனுடைய சினத்தை நாம் குறைகூற இயலாது.

1948ஆம் ஆண்டு செப்டம்பரில் ஐதராபாத் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. நிர்வாகத்தைச் சீர்செய்யச் சென்னை மாகாணம் முதலிய இடங்களிலிருந்து அலுவலர் பலர் வரவழைக்கப்பட்டனர். அடக்கி வைத்திருந்த மனக்குறை 1952ஆம் ஆண்டில் வெடித்தது. வாரங்கல்லில் தொடங்கிய மாணவர் கிளர்ச்சி ஐதராபாத்துக்குப் பரவியது. ‘முல்கியல்லாதாரே, திரும்பிப் போங்கள்’ என்னும் முழக்கத்தோடு, ‘இட்லி சாம்பாரே, திரும்பிப் போ’ என்னும் முழக்கமும் தெருக்களில் எழுந்தது. செப்டம்பர் 3, 4 ஆகிய நாட்களில் துப்பாக்கிச் சூடு நடந்து இளைஞர் சிலர் உயிரிழந்தனர்.

உண்ணும் உணவைச் சொல்லி ஒருவனை வெளியேறச் சொல்வது நெஞ்சைச் சுடும். ஆயினும் இட்லியும் சாம்பாரும் இங்கே பழிக்கப்பட்டது சுவைக்காக அன்று. அலுவலகத்து நாற்காலியில் தனக்குரிய இடத்தில் வேறொருவன் அமர்ந்திருக்கக் கண்ட இளைஞன், அவனைக் குறிக்க ஒரு சொல்லைத் தேடினான், அவ்வளவே. பின்னர் 1956ஆம் ஆண்டில் ஆந்திரப் பிரதேசம் அமைந்தபோதும், 1969ஆம் ஆண்டுக் கிளர்ச்சியிலும், 1972ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் முல்கி விதிகள் செல்லும் என்று தீர்ப்பளித்தபோதும் இதே வினா மீண்டும் மீண்டும் எழுந்தது. 1973ஆம் ஆண்டின் ஆறு அம்சத் திட்டத்தையொட்டி முல்கி விதிகள் நீக்கப்பட்டன. 1975ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, உள்ளூரார் யார் என்பதை வேறு வகையில் வரையறுத்தது. 2014ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள் தெலங்கானா தனி மாநிலமாயிற்று. சட்டத்தின் சொற்கள் மாறின. ஆனால், வாடகை கொடுத்து வாழ்பவன் என்றைக்கு ஊரானாவான் என்னும் வினா மாறவில்லை.

குன்னூரிலிருந்து தார்நாக்காவுக்கு

தனிமனிதர் ஊர் மாறுவது ஒருவகை. ஒரு நிறுவனமே ஊர் மாறி, தன் பணியாளரைக் குடும்பத்தோடு பெயர்த்துக் கொண்டுவருவது மற்றொரு வகை. அதற்கு நம் நாச்சாரத்தின் அண்டையிலேயே சிறந்த சான்றுண்டு.

1918ஆம் ஆண்டில் நீலகிரியின் குன்னூரில், பாஸ்டர் நிலையத்தின் ஒரே ஓர் அறையில், ‘பெரிபெரி’ நோயை ஆராய ஒரு சிறு பிரிவு தொடங்கியது. அதனைத் தொடங்கியவர் இராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர். அது வளர்ந்து 1928ஆம் ஆண்டளவில் ஊட்ட ஆராய்ச்சிக் கூடங்கள் என்ற பெயர் பெற்றது. 1958ஆம் ஆண்டில் அந்நிறுவனம் குன்னூரை விட்டு ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டது. உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தை அடுத்த தார்நாக்காவில் அது அமைந்தது. 1969ஆம் ஆண்டில் அதன் பெயர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்றாயிற்று. தொடக்கப் பிரிவு தோன்றிய அதே 1918ஆம் ஆண்டில் சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன், அதன் இயக்குநராகவும், பின்னர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநராகவும் விளங்கினார்.

வரலாற்று நூல்கள் நிறுவனம் பெயர்ந்த ஆண்டைக் குறிக்கும். பெயர்ந்த அடுப்புக்களைக் குறிப்பதில்லை. ஆறாயிரம் அடி உயரத்தில், கம்பளிக்குள் முடங்கிப் பழகிய குடும்பங்கள், ஏப்ரல் திங்களில் பாறையே கொதிக்கும் தக்காணத்துக்கு வந்தன. அவர்களுக்கு ஊரைத் தேரும் உரிமை இல்லை. வருவதா, வேலையை விடுவதா என்பதே வினா. பிள்ளைகளின் பள்ளி, மனைவியரின் மொழி, முதியோரின் மூச்சு ஆகிய யாவும் அந்த ஒரு முடிவில் அடங்கியிருந்தன. ஆய்வுக்கூடத்துக்கு நடந்து செல்லும் தொலைவில் வீடு கிடைத்தவர் நற்பேறு பெற்றவர். கிடைக்காதவர் சிற்றூர்களாக இருந்த அண்டைப் பகுதிகளில் ‘போர்ஷன்’ தேடினர். ஒரு வீட்டின் ஒரு பகுதியை, கிணறும் முற்றமும் பொதுவாக, வாடகைக்கு விடுவதை இவ்வூரார் இன்றும் அச்சொல்லாலேயே வழங்குகின்றனர்.

பொதுவான முற்றம் செய்த தொண்டு பெரிது. தெலுங்கு கற்பிக்கும் பள்ளி எதுவும் நம் மகளிர்க்குத் தேவைப்படவில்லை. கிணற்றடியில் குடம் நிறைவதற்குள் நான்கு சொற்கள் கற்றனர். கோங்குராத் துவையல் ஒரு கிண்ணம் இப்புறம் வரும், எலுமிச்சைச் சாதம் ஒரு கிண்ணம் அப்புறம் போகும். 1952ஆம் ஆண்டில் தெருவில் விரட்டப்பட்ட இட்லி, சில ஆண்டுகளில் முற்றத்தின் வழியாகவே உள்ளே வந்து அமர்ந்துவிட்டது. சட்டம் பதினைந்து ஆண்டில் செய்ய நினைத்ததை முற்றம் அதற்கும் விரைவில் செய்து முடித்தது.

நாச்சாரத்தின் காலம்

1961ஆம் ஆண்டில் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் இப்பகுதியில் தோன்றியது. 1966ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தென்மத்திய இரயில்வே செகந்தராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு பிறந்தது. தென்னக இரயில்வேயிலிருந்து விஜயவாடா, ஹூப்ளிக் கோட்டங்கள் அதனுடன் சேர்க்கப்பட்டன. 1967இல் மின்னணுக் கழகமும், 1971இல் அணு எரிபொருள் வளாகமும் வடகிழக்கே எழுந்தன. 1977இல் உயிரணு, மூலக்கூற்று உயிரியல் மையம் தொடங்கியது. இவற்றுக்கெல்லாம் நடுவே, ஹப்சிகுடாவுக்கும் மல்லாப்பூருக்கும் இடையில், வயலும் ஏரியுமாகக் கிடந்த நாச்சாரம் தொழிற்பேட்டையாக வளர்ந்தது. எச்.எம்.டி. நகர் என்னும் பெயரே இங்கு வாழ்ந்தோர் எதனை நம்பி வந்தனர் என்பதைச் சொல்லும். தொழிலாளர்க்கு ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை அமைந்தது. எழுபதுகளில் என். டி. ராமராவ் இங்கே இராமகிருஷ்ணா ஸ்டூடியோவை நிறுவினார். சென்னையில் வேரூன்றியிருந்த தெலுங்குத் திரைத்தொழில் ஐதராபாத்துக்குப் பெயர்ந்த காலம் அது. கோடம்பாக்கத்தில் தொழில் கற்ற கலைஞரும் அதன் பின்னே வரலாயினர்.

இக்காலத்தில் வீடு தேடும் முறையும் மாறியது. 1960ஆம் ஆண்டின் ஆந்திரப் பிரதேசக் கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், காரணமின்றிக் குடியிருப்போரை வெளியேற்றுவதைத் தடுத்தது. வாடகை தவறினாலோ, உரிமையின்றி உள்வாடகைக்கு விட்டாலோ, உரிமையாளர்க்கு மெய்யாகவே வீடு தேவைப்பட்டாலோதான் வெளியேற்ற இயலும் என்று விதித்தது. குடியிருப்போர்க்கு அது காவல். ஆயினும், காவல் மிகுந்த இடத்தில் கதவு எளிதில் திறவாது. வந்தவன் வெளியேறுவானோ மாட்டானோ என்று அஞ்சிய உரிமையாளர், அறிந்தவர் சொன்னாலன்றி வீடு தரத் தயங்கினர். மீண்டும் அறிமுகமே தலைமை பெற்றது.

பதினொரு மாத ஒப்பந்தம் என்னும் வழக்கமும் குறிப்பிடத்தக்கது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைப் பத்திரத்தைப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்பது 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். அச்செலவையும் அலைச்சலையும் தவிர்க்கவே பதினொரு மாதம் என்று எழுதுகின்றனர். முன்பணத்தில் மட்டும் ஊருக்கு ஊர் வேறுபாடுண்டு. சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது நெடுங்கால வழக்கம். ஐதராபாத்தில் இரண்டு, மூன்று மாத வாடகையே பொதுவாகக் கேட்கப்பட்டு வந்தது. கையிருப்புக் குறைந்த தமிழ் இளைஞனுக்கு இவ்வூர் வசதியாக இருந்தமைக்கு இதுவும் ஒரு காரணம்.

யான் நாச்சாரத்தில் வீடு தேடிய நாட்களை இங்கே நினைவுகூர வேண்டும். தமிழர் ஒருவருடைய வீடு காலியாக இருப்பதறிந்து ஆவலோடு சென்றேன். தமிழில் பேசக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. பருகத் தண்ணீர் தந்தார். ஊரைக் கேட்டார், தந்தையார் பெயரைக் கேட்டார், பின்னர்த் தயங்கித் தயங்கி, ‘நீங்கள் எந்த வகுப்பு?’ என்று கேட்டார். விடை கூறினேன். வீட்டுக்கு முன்னரே ஒருவர் சொல்லியிருப்பதாகவும், தாம் மறந்துவிட்டதாகவும் கூறினார். அடுத்த தெருவில் தெலுங்கு மூதாட்டி ஒருவர் இருந்தார். ‘எந்த ஊர் பாபு?’ என்ற ஒரு கேள்வியே கேட்டார். அரியலூர் என்றேன். அஃது எங்குள்ளது என்று அவருக்குத் தெரியாது. ‘தொலைவோ?’ என்றார். ‘ஆம்’ என்றேன். ‘அப்படியானால் உடனே வந்துவிடு, வெயிலில் அலையாதே’ என்று திறவுகோலை எடுத்து வந்தார். ஒன்பது ஆண்டுகள் அவ்வீட்டில் இருந்தேன்.

நம் கடன்

இந்நிகழ்ச்சியை எவர்மீதும் பழிசுமத்தக் கூறவில்லை. நம்மவருள் நானும் ஒருவன் ஆதலின், நம் குறையை நம் மலரிலேயே சொல்வது முறை என்று கருதினேன். இருநூறாண்டு வரலாற்றில் நமக்குக் கதவு திறந்தவர் பலர். நிஜாமின் நகரத்து முஸ்லிம் உரிமையாளரும், இலஷ்கரின் முதலியாரும், தார்நாக்காவின் தெலுங்குக் குடும்பத்தாரும் நம்மை நம்பினர். அவ்வாறு நுழைந்த நாம், சொந்த வீடு கட்டிய பின், வாயிலில் நிற்பவனிடம் சாதியையும் சமையலையும் கேட்கிறோமாயின், பெற்ற கடனை மறுத்தவராவோம். பிறர் ‘இட்லி சாம்பாரே, போ’ என்றபோது நொந்த நெஞ்சம், ‘மீன் சமைப்பவருக்கு வீடில்லை’ என்று தானே சொல்லுதல் தகுமோ?

இப்போது நாச்சாரத்துத் தொழிற்கூடங்களுக்குப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் இளைஞர் வருகின்றனர். ஓர் அறையில் பலராக நெருங்கித் தங்குகின்றனர். 2017ஆம் ஆண்டு நவம்பரில் நாகோலிலிருந்து தார்நாக்கா வழியாக மெட்ரோ இரயில் ஓடத் தொடங்கியபின், கணினித் துறையில் வேலை செய்யும் தமிழ் இளைஞரும் மேற்குக் கோடி அலுவலகங்களின் உயர்ந்த வாடகைக்கு அஞ்சி இக்கிழக்குப் பகுதியை நாடலாயினர். தகரப் பெட்டி போய்ச் சக்கரப் பெட்டி வந்திருக்கிறது. நிற்கும் வாயிற்படியும் கேட்கப்படும் கேள்வியும் பழையனவே.

சங்கத்தார்க்கு யான் வைக்கும் வேண்டுகோள்கள் மூன்று. முதலாவது, நாச்சாரம், மல்லாப்பூர், ஹப்சிகுடா, தார்நாக்காப் பகுதிகளில் காலியாகும் வீடுகளின் பட்டியல் ஒன்றைத் திங்கள்தோறும் எழுதிச் சங்க அறையில் வைத்தல் வேண்டும். வாடகை, முன்பணம், கோடையில் ஆழ்துளைக் கிணற்றின் நிலை, பள்ளிக்கும் இரயிலுக்கும் உள்ள தொலைவு ஆகியவை அதில் இடம்பெறட்டும். சாதிக்கும் உணவுக்கும் அதில் கட்டம் வேண்டா. இரண்டாவது, புதிதாக வருவோர்க்குச் சங்கத்தின் பெயரால் ஓர் அறிமுகக் கடிதம் தருதல் வேண்டும். அன்று சென்னையிலிருந்து வந்த ஒரு செய்தி செய்த பணியை இன்று நம் கடிதம் செய்யட்டும். மூன்றாவது, வீடுடைய உறுப்பினர் ஒவ்வொருவரும் வாடகைக்கு உரிய சீட்டைத் தவறாது தருதல் வேண்டும். முகவரி இல்லாதவனுக்கு இந்நாளில் வங்கிக் கணக்கும் எளிதன்று, குழந்தைக்குப் பள்ளியும் எளிதன்று.

ஊர் திரும்பும் எண்ணத்தைக் கைவிடுமாறு இன்று நம்மை எவரும் கேட்பதில்லை. அதனைக் கைவிடவும் தேவையில்லை. தாமிரபரணியை நினைந்துகொண்டே மூசியின் நீரைக் குடிக்கலாம். ஆயினும், குடித்த நீருக்கு உரியவனாக நடத்தல் வேண்டும். அவ்வாறு நடப்பவன் வாடகை வீட்டில் இருப்பினும் ஊரானே. நடவாதவன் மாடமாளிகை கட்டினும் வழிப்போக்கனே.

மாதரியின் கதைக்கு ஒரு முடிவுண்டு. கோவலன் கொலையுண்டான், கண்ணகி துயருற்று நகரை எரியூட்டினாள். தன்னிடம் தந்த அடைக்கலத்தைக் காக்க இயலாது போயிற்றே என்று வருந்தி, மாதரி தீப்புகுந்து உயிர் நீத்தாள். அத்தம்பதியர் அவள் இல்லத்தில் வாழ்ந்த காலம் மிகச் சிறிது. உறவில்லை, ஒரே குலமில்லை, பெற்ற கூலியும் இல்லை. வீடு கொடுத்தவளுக்கும் குடிபுகுந்தவர்க்கும் இடையே உள்ள உறவை நம் முன்னோர் அவ்வளவு உயரத்தில் வைத்தனர். அவ்வுயரத்துக்கு நாம் ஏற வேண்டா. வெயிலில் நிற்பவனை நிழலுக்கு அழைத்து, ‘எந்த ஊர் தம்பி?’ என்ற அளவில் கேள்வியை நிறுத்திக்கொண்டால் போதும்.

வாழ்க தமிழ்! வாழ்க இம்மண்!